மிச்ச அங்குலம்

எல்பர்ட்டனில் கல் மலிவு.
நாமே வந்து ஏற்றிக்கொண்டால் இன்னும் மலிவு.
தொள்ளாயிரம் பவுண்டு கருங்கல்.
டெரலின் பேர், இரண்டு தேதி,
நடுவில் ஒரு கோடு.
கிரேன்காரன் இறக்கி வைத்ததும்
வண்டி பின்னங்கால் மடித்து உட்கார்ந்தது,
பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும் நாய் மாதிரி.

முன்பக்கத்தை முதலில் தூக்கியது அவன்.
மூக்கு வானத்தில், பிட்டம் தரையில்.
விளக்கைப் போட்டால் வெளிச்சம்
ரோட்டில் விழாது, பைன் மர உச்சியில் விழும்.
ஆந்தைக்கு வழி காட்டுகிறாயா என்பேன்.
சிரிப்பான்.
அவன் செத்தது இந்த வண்டியில் அல்ல.
கோழிப்பண்ணைக் கூரையில் தகரம் மாற்றும்போது,
ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்.

எங்கள் பக்கம் அவனை யாரும் நிறுத்தியதில்லை.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் சவுத் கரோலினா,
அங்கே இதற்கென்றே சட்டம் இருக்கிறதாம்.
பின்னால் ஜார்ஜியா நம்பர் பிளேட்டு.
அவர்கள் சட்டம் என்னை என்ன செய்யும் என்று
மாமனாரிடம் கேட்டேன், டயர் கடையில் கேட்டேன்.
ஒருத்தர் ஒன்றும் செய்யாது என்றார்.
ஒருத்தர் வண்டியையே பிடுங்கிக்கொள்ளும் என்றார்.
இரண்டு பேருமே சத்தியம் பண்ணினார்கள்.

எதற்கு வம்பென்று
முந்தின ராத்திரி ஜாக்கி வைத்து
அவன் செருகிய இரும்புகளைக் கழற்றினேன்.
பதினோரு மணியிலிருந்து மூன்றேகால் வரை.
ஒரு போல்ட்டு வரவே மாட்டேன் என்றது.
அவனைத் திட்டும் அதே வார்த்தையால் திட்டினேன்,
வந்தது.

பாலம் தாண்டி ஆறாவது மைல்.
நீல விளக்கு.

மிம்ஸ் என்று சட்டையில் எழுதியிருந்தது.
"மேடம், இந்த வண்டி இங்கே ஓடக் கூடாது."
நான் ஜார்ஜியா, என்றேன்.
"பிளேட்டு ஜார்ஜியா. ரோடு எங்களுடையது."
வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்காதே என்பது போல
அமைதியாகச் சொன்னார்.

டேப்பை இழுத்தார்.
முன் சக்கரத்தின் மேல் வளைவு,
பின் சக்கரத்தின் மேல் வளைவு.
கழித்துப் பார்த்தார்.
ஐந்து அங்குலம்.
நாலைத் தொட்டாலே குற்றம்.

சீட்டுக்கடியிலிருந்து பையை இழுத்து
கழற்றிய இரும்பைக் கொட்டிக் காட்டினேன்.
அவன் தூக்கியதை நான் இறக்கிவிட்டேன் சார்.
இப்போது தூக்கியிருப்பதும் அவன்தான்.
தார்ப்பாயை விலக்கினேன்.

மிம்ஸ் படித்தார்.
பிறகு முட்டி போட்டு, டார்ச்சோடு
வண்டிக்கு அடியில் ரொம்ப நேரம் பார்த்தார்.
பதினெட்டு வருஷத்துக் கிழட்டு வில் தகடுகள்
கல்லுக்குக் கீழே நேராகிக் கிடந்தன.
இது செய்த மாற்றமா, ஏற்றிய பாரமா,
மிச்ச அங்குலம் யார் கணக்கு?
சட்டத்தில் எங்கோ பதில் இருக்கலாம்.
அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்.
லாரிகள் எங்களை உலுக்கிக்கொண்டு போயின.

கடைசியில் ஓர் எச்சரிக்கைச் சீட்டு.
"இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள்.
உங்கள் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும்.
அவனுக்கு ரோடு தெரியாது."
உண்டு, இல்லை என்று ஊரே சொன்ன சட்டத்துக்கு
ஏன் என்று சொன்னவர்
அவர் ஒருத்தர்தான்.

அபிவில்லுக்கு அப்பால், சர்ச்சுக்குப் பின்னால்
ஐந்து ஆட்கள், இரண்டு பலகை, உருட்டக் குழாய்கள்.
கல் இறங்க இறங்க
வண்டி முனகிக்கொண்டே பின்னால் எழுந்தது.
எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள்.
நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய்
சக்கரத்தடியில் குந்தினேன்.
இரண்டே முக்கால்.
நம்பாமல் இன்னொரு தடவை.
இரண்டே முக்கால்.

காட்டுவதற்கு மிம்ஸ் இல்லை.
ஆற்றின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும்
இனி யாரும் குறை சொல்ல முடியாத வண்டி.
காலியாக ஓட்டி வந்தேன்.
பாலத்துக்கு முன்னால் இருட்டிவிட்டது,
விளக்கைப் போட்டேன்.
வெளிச்சம் நேரே ரோட்டில் விழுந்தது.
இரண்டு பக்கமும் பைன் மரங்கள்
இருட்டாகவே நின்றன.