ஆங்காங்கே

இரண்டு வாரத்து வானிலை
நான்கே பத்திகளில் வந்து சேர்ந்தது, பத்து நாற்பதுக்கு.
நண்பகல் செய்திக்குள் தமிழாக வேண்டும்.

இளவேனில் என்ற சொல்லை
வேலைக்குச் சேர்ந்த வருடமே விட்டுவிட்டேன்.
வடகிழக்குக் காற்று கிளம்பிப் போய்
தென்மேற்கு இன்னும் வந்து சேராத
இந்த இரண்டு மாதத்துக்கு
பருவக்காற்று இடைக்காலம் என்று பெயர்.
காற்று கைகட்டி நிற்கும் காலம்.
ஆனாலும் மூன்று வாரம் காய்ந்த கோபத்தில்
விரைவுச்சாலை ஓரத்து எக்காள மரங்கள்
இலையெல்லாம் உதறிவிட்டு இளஞ்சிவப்பாய்ப் பூத்திருக்கின்றன.
அறிக்கையில் அதற்கு இடமில்லை.

"பெரும்பாலான நாள்களில் முப்பத்து நான்கு டிகிரி.
சில நாள்களில் முப்பத்தைந்தைத் தாண்டக்கூடும்."
இதற்கு அகராதி தேவையில்லை.
ஈசூனில் பத்தாம் மாடி, மூங்கில் கழியில் மாட்டிய சட்டை
நான் பஸ் ஏறுமுன் அப்பளமாகிவிட்டது.
பக்கத்து வீட்டு மிஸ்டர் கோ
மின்விசிறிக்கு முன்னால் ஐஸ் வாளி வைத்து
கூண்டுப் புறாவுக்கும் ஒரு பங்கு காற்றைத் திருப்பிவிடுகிறார்.

"ஆங்காங்கே இடியுடன் கூடிய குறுகிய நேர மழை."
ஆங்காங்கே.
இந்தச் சொல்லோடுதான் எனக்கு வம்பு.
ஜூரோங்கில் கொட்டும், பிடோக்கில் புழுதி பறக்கும்.
நேற்று உட்லண்ட்ஸில் சாலைக்கு இந்தப் பக்கம் குடை,
அந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடி.
போன வாரத்து ஆங்காங்கேயை நம்பி
துவாஸில் கான்கிரீட் ஊற்றுவதைத் தள்ளிப்போட்ட மருதையன்
போனில் கேட்டான்:
"அக்கா, உங்க ஆங்காங்கேயில எங்க சைட்டு வராதா?"
மணிக்குப் பத்து நிமிடம் நிழலில் உட்காரச் சொல்லி விதி.
"நிழல் எந்தப் பக்கம்னு அதையும் சேர்த்துப் போடுங்க."

நான்காம் பத்தி வட்டாரத்துக்கு.
நேரமில்லை என்று வழக்கமாய் வெட்டிவிடுவது.
"மீக்கோங் பகுதியில் வறட்சி தொடரும்.
வெப்பப் புள்ளிகள் கூடலாம். புகைமூட்டம் நீடிக்கும்."
கூடவே ஒரு வரைபடம்.
அதில் நம் தீவு தெரியாது,
நிலத்தில் இடம் போதாமல் பெயரைக் கடலில் எழுதியிருப்பார்கள்.
மேலே, வெகு மேலே, ஷான் மலைகளில்
அம்மை வார்த்ததுபோல் சிவப்பு.

எதிர்வீட்டில் வேலை செய்யும் நாங் கம்
ஒருநாள் லிஃப்டில் கைப்பேசியை நீட்டினாள்.
பழுப்பு வானம்,
கொட்டைப்பாக்கு அளவில் ஒரு சூரியன்,
வாயில் துணி கட்டிய சிறுவன்.
"மகன். மூன்று வாரமாய் வெளியே விளையாடவில்லை."
என் வேலை தெரிந்து கேட்டாள்,
அங்கே மழை எப்போது என்று.
நான் வெட்டிப்போட்ட பத்தியில் இருந்தது அவள் ஊர்.
மழை அதிலும் இல்லைதான்.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
வானிலைக்கு முப்பத்தெட்டு விநாடி.
ஈரப்பதத்தை எடுத்தேன்.
நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் வரியை எடுத்தேன்,
மருதையனை நினைத்துத் திரும்ப வைத்தேன்.
காற்றின் வேகத்தை எடுத்தேன், அதுதான் நிற்கிறதே.
ஷான் மலைகளை உள்ளே வைத்தேன்.
ஆசிரியர் ஜலாலுதீன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"இது நம்ம நேயர்களுக்கா?"
"ஆங்காங்கே," என்றேன்.

மாலை நான்கரைக்கு ஜொகூர் பக்கம் உறுமியது.
எதிரே நாங் கம் கழிகளை ஒவ்வொன்றாய்
உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.
நான் இழுக்கவில்லை.
எத்தனை உறுமலை மொழிபெயர்த்திருக்கிறேன்.

முதல் துளி காலைச் சட்டையின் தோளில் விழுந்தது,
ஐம்பது காசு அகலத்துக்கு.
என் மகளிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல்லோடு
தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து அவள் கத்தினாள்:
"அக்கா! அக்கா!"