தால்காவானோ, ஒன்பதாம் மாதம்

செருப்பைக் கழற்றுங்கள், மோதிரத்தையும் என்றாள்
அளவு பார்ப்பவள்.
மோதிரம் கையைத் தாழ்த்தியதுமே விழுந்தது.
ஐந்து மாதமாய் அடியில் நூல் சுற்றித்தான் போட்டிருக்கிறேன்.

வெறுங்காலோடு உலோகத் தட்டில் ஏறி
இரு கைப்பிடிகளையும் பற்றி நின்றால்
தெரியாத மின்சாரம் ஒன்று
உள்ளே போய்க் கணக்கெடுத்து வருகிறது:
கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு,
தண்ணீர், எலும்பு.
தோலுக்குத் தனிக் கட்டம் இல்லை.
கையைத் தூக்கினால் அதுதான் முதலில் ஆடுகிறது.

எரிபெர்த்தோவும் நானும் ஒரே வாரத்தில்
இரைப்பையை வெட்டிக்கொண்டோம்.
அவனுக்குச் செவ்வாய், எனக்கு வெள்ளி.
ஒரே மிக்ஸி, ஒரே பூசணிக் கூழ்,
ஒரே சின்னக் கரண்டி.
அவன் கிலோக்கள்
கப்பலிலிருந்து சரக்கு இறங்குவதுபோல் இறங்கின.
ஐம்பத்தாறு.
என்னுடையவை முப்பத்தொன்று.
ஒவ்வொன்றும் வாசலில் நின்று
அரைமணி பேசிவிட்டுத்தான் போனது.

போன வரிசையாவது நான் கேட்டபடியா?
முதலில் கன்னம். பிறகு மார்பு.
நான்காம் மாதம், யாரும் கேட்காத முடி,
குளியலறைச் சல்லடையில் கொத்துக் கொத்தாய்.
தொடை மட்டும் அசையவில்லை.
பெண்களுக்கு அப்படித்தான் நேலிடா, என்றாள் அவள்,
காகிதம் வெளியே வரும்வரை
நகத்தைப் பார்த்துக்கொண்டு.

அவனுக்கு முதலில் போனது தொப்பை.
மீன் சந்தையில் ஆளாளுக்குத் தோளில் தட்டினார்கள்.
தட்டிய இடத்தில் எலும்பு.
போனதில் பதினான்கு கிலோ
கொழுப்பே இல்லையாம்.
துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் கயிறு இழுத்தவன்
பிடிவலு பார்க்கும் கருவியை அழுத்தினான்.
முள் எழுந்தது, பாதியில் நின்றது.
இன்னொரு முறை, என்றான்.
அதே இடம்.
சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டான்.
நான் சொல்லவில்லை.

மழை. பேருந்து.
முன்பு ஆளுக்கொரு வரிசையில் உட்காருவோம்.
இன்று பக்கத்தில் பக்கத்தில்,
நடுவில் குடை வைக்க இடமும் இருந்தது.
இருக்கை குத்துகிறது என்றான்;
என் கம்பளிச் சால்வையை மடித்து அடியில் கொடுத்தேன்.

இரவுக்குப் புரதம் வேண்டும்.
சிப்பி ஊறிய கண்ணாடிப் புட்டியை
அவன் திருகினான், துணி சுற்றித் திருகினான்,
மேசைமேல் வைத்துவிட்டு
ஜன்னலுக்குப் போனான்.

உட்கார்ந்து
புட்டியைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி
இரு கையாலும் ஒரே திருகு.
டப்.

திரும்பிப் பார்த்தான்.
சிரிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை,
எனக்கும்தான்.
ஆளுக்கு நான்கு சிப்பி.
ஒவ்வொன்றுக்கும் முப்பது மெல்லல்.
அவன் பதினெட்டிலேயே எண்ணிக்கையை விட்டுவிட்டு
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.