கொட்டேஷன்

ஆற்காடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் பட்டறை.
மேல்விஷாரத்திலிருந்து ஒரு பெண் வந்து
பால்கனி கிரில்லுக்கு விலை கேட்டாள்.
மாடல் எங்கே என்றதற்கு
எக்ஸ்ரே கவரிலிருந்து
ஒரு படத்தை உருவினாள்.

வாட்டர் கலர்.
கால் முறிந்து படுத்திருந்த ஆறு வாரமும்
எதிர்வீட்டு மாடியைப் பார்த்தே வரைந்தாளாம்.
"ஷூ கம்பெனியில கணக்கு எழுதுறேன்.
தப்பிருந்தா சொல்லுங்க."

கையெல்லாம் கரி. துடைத்துக்கொண்டு
ஓரத்தை மட்டும் பிடித்தேன்.

முதலில் எடைதான் போட்டேன், பழக்கம்:
எட்டு எம்.எம். சதுரக் கம்பி,
சுருள் பதினான்கு, நடுவில் ஒரு மயில்,
முப்பத்தெட்டு கிலோ வரும்,
ரெட் ஆக்சைடு தனி.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால்
கம்பியே இல்லை.
அவள் இரும்பை வரையவேயில்லை.
இடுக்குகளில் தெரிந்த சுவரின் மஞ்சளை,
கதவின் நீலத்தை
துண்டு துண்டாய் நிரப்பிக்கொண்டே போயிருக்கிறாள்.
தூரிகை படாமல் விட்ட வெள்ளைத் தாள்தான்
வளைந்து சுருண்டு
மயிலாகி நிற்கிறது.

முப்பது வருடமாய் வெயிலில் இரும்பைத் தொடுகிறவன் நான்.
சித்திரை மத்தியானத்தில் அதற்கு நிறம் கிடையாது,
சூடுதான்.
இவளுக்கு யார் சொன்னது?

மூன்றாம் வரிசையில் ஒரு சுருள் தலைகீழ்.
எவனோ ஒரு பட்டறைக்காரன்
சாப்பாட்டு மணிக்கு முன் அவசரத்தில் வைத்தது.
வேறு யாராவது என்றால் திருத்தி வரைந்திருப்பார்கள்.
இவள் அதற்கும் சேர்த்து
நிழல் போட்டிருக்கிறாள்.

மயிலின் காலடியில் காவி ஒழுகி இறங்கியிருந்தது.
துரு என்றேன்.
"இல்ல, கை நடுங்கிடுச்சு."
நடுங்கினாலும் சரியான இடத்தில்தான் நடுங்கியிருக்கிறது.
மழைத் தண்ணீர் அங்கேதான் நிற்கும்,
முதலில் அங்கேதான் அரிக்கும்.

பாலத்தைக் கடக்கும்போதெல்லாம்
பாலாற்றில் நான் பார்க்கிறது மணல்.
இத்தனை வேலைக்கும் அவளுக்கு
ஒரு டம்ளர் தண்ணீர் போதுமாயிருந்திருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல்.
வலது மூலையில் ஒரு சுருள் எதையும் தொடவில்லை.
தாளில் நிற்கும்,
என்னிடம் வந்தால் விழுந்துவிடும்.
"வெல்டிங் வைக்க இடமில்லையேம்மா."

எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.
"அன்னிக்கு அங்க பெட்ஷீட் காயப்போட்டிருந்தாங்க,
கம்பி தெரியல."

மறுபடி பார்த்தேன். ஆமாம்,
வெள்ளைமேல் வெள்ளையாக ஒரு மடிப்பு,
அதன் விளிம்பில்
நீலம் போட்டுச் சலித்த மாதிரி ஒரு கோடு.

பெயர் கேட்டேன். நுஸ்ரத் ஜபீன்.
கார்பன் தாளை வைத்து எழுதினேன்:
சுருள் பதினான்கு,
அதில் ஒன்று தலைகீழ், பையன் திருத்தக் கூடாது.
வலது மூலையில்
துணி காயப்போட
கொக்கி ஒன்று.
அதற்கு நேரே தொகை எழுதவில்லை.