மற்றவை

மணிக்குப் பதினேழு டாலர் இருபது காசு,
நடுவே பத்து நிமிடம், ஓசிக் காப்பி.
நூலகத்தின் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு பேர்
பஞ்சு பிய்ந்த ஹெட்போனோடு
முகம் தெரியாத வீடுகளுக்குள்
மணியடித்துக்கொண்டிருக்கிறோம்.

"வணக்கம், நான் மயேல் ஃபெக்டோ,
வனவியல், மூன்றாம் ஆண்டு.
நீங்கள் படித்த இடத்திலிருந்து பேசுகிறேன்."
இந்த மூன்றாவது வரியில்தான்
பாதிப்பேர் போனை வைப்பார்கள்.

வைக்காதவர்களும் உண்டு.
பின்னால் ஹாக்கி ஆட்டம் கத்த ஒருத்தி கேட்டாள்:
"என் கல்விக்கடனே இன்னும் நாலு வருஷம் பாக்கி,
தெரியுமா உனக்கு?"
தெரியாது. என் கடன் இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறது.
இன்னொருவர், மூன்றாம் மாடி ஹீட்டர்
ராத்திரியில் இன்னும் சுத்தியல் அடிக்கிறதா என்றார்.
அடிக்கிறது என்றேன்.
"அப்பாடா" என்று நூறு டாலர் தந்தார்.
எதற்கு அப்பாடா என்பது இன்றுவரை புரியவில்லை.

எட்டு ஐம்பதுக்குத் திரையில் வந்த பெயர்
ரெய்னோ சாரிக்கோ, நிப்பிகன், வனவியல் 87.
கீழே வருஷவாரியாக அவர் தந்தது:
இருபது. இருபது. இருபது. இருபது.
அப்புறம் பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம்.
காகித ஆலைகள் ஷிப்டு குறைத்த வருஷங்கள்.
எங்கள் வீட்டில் கார் விற்றுப்போனதும் அப்போதுதான்.
மறுபடி இருபது.

வனவியல் 87.
அந்த எழுத்துகளை எனக்குத் தெரியும்.
போன நவம்பரில் கடைவாய்ப்பல் சீழ் பிடித்து
தாடை பூசணியாய் வீங்க,
பல்லைப் பிடுங்குவதா படிப்பைப் பிடுங்குவதா என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வாரம்
மாணவர் அலுவலக ஜன்னலில்
அறுநூற்று நாற்பது டாலருக்கு ஒரு காசோலை நீட்டினார்கள்.
தாளின் மூலையில்
'வனவியல் 87, அவசர நிதி.'
அவ்வளவுதான். ஆள் பெயர் இல்லை.
நன்றிக் கடிதம் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒருவேளை
வாங்காமலே திரும்பியிருப்பேன்.

இதை அவரிடம் சொல்லக் கூடாது. விதி ஆறு:
அழைப்பவர் சொந்தக் கதை சொல்லி உருக்கக் கூடாது.
பல் போனால் சொல் போகும்.
எனக்குப் பல் தங்கிவிட்டது,
சொல்லத்தான் அனுமதி இல்லை.
நாக்கு தானாகப் போய்
அடைத்த இடத்தைத் தொட்டு வந்தது.
எழுதிக் கொடுத்ததையே வாசித்தேன்.

"இந்த வருஷம் பதினைந்து போட்டுக்கொள்," என்றார்.
"டயர் மாற்ற வேண்டியிருக்கிறது."
இருபதுக்குக் கீழே ஒரு நன்றி போதும் என்பது கணக்கு.
இரண்டு சொன்னேன்.

"எந்த ஊர் நீ?"
கப்பஸ்கேசிங் என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் வைப்பர் சத்தம் மட்டும்.
லாரிக்குள்ளிருந்து பேசுகிறார் போல.
"செவ்வாய்தோறும் அந்த வழிதான் போகிறேன்.
பதினோராம் நெடுஞ்சாலை. பக்கத்து சீட் காலி.
கிறிஸ்துமஸுக்கு ஊர் போக முடியாத பிள்ளைகள்
யாராவது இருந்தால் சொல்லிவிடு.
நாய் ஒன்று இருக்கும். கடிக்காது.
குறட்டைதான் தாங்காது."

திரை கேட்டது:
காசோலையா, அட்டையா, மறுப்பா, மற்றவையா.
பதினைந்தை அட்டையில் போட்டுவிட்டு
மற்றவையை அழுத்தினேன்.
எலிப்பொறி அளவில் ஒரு கட்டம் திறந்தது.
'லாரியில் ஒரு சீட், செவ்வாய், வடக்கே.'
நாயைச் சேர்த்ததும் இடம் தீர்ந்துவிட்டது.

'மதிப்பு, டாலரில்' என்றது அடுத்த வரி.
நிரப்பாமல் நகரவிடாது.
மேற்பார்வைக்கு வந்த ட்வைலா
தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அறுநூற்று நாற்பது என்று அடித்தேன்.
அவள் புருவம் உயர்ந்தது.
அதற்குள் அடுத்த நம்பர்
யார் வீட்டிலோ மணியடிக்கத் தொடங்கியிருந்தது.