மாங்குளம் சந்தி, மூன்றரை மணி

கொழும்பு பஸ் எங்களை இறக்கிவிட்டுக்
கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டது.
முல்லைத்தீவுக்கு முதல் பஸ் ஐந்தே காலுக்கு,
வந்தால்.
இந்த மூன்று நாளும் இந்த "வந்தால்" என்ற சொல்லில்தான்
சீவித்தோம்.

தவசீலன் பையின்மேல் குந்தியிருக்கிறார்.
பைக்குள் நான் வாங்கின கண்ணாடிக் குவளைகள் ஆறு.
சொன்னால் எழும்புவார்.
களைத்த மனிசன், சொல்லவில்லை.

ஒருக்காக் கொழும்பு பாக்கவேணும் என்றது நான்தான்.
ஆஸ்பத்திரிக்கில்லை, பாஸ்போட்டுக்கில்லை,
ஆரையும் பிளேன் ஏத்திவிட இல்லை,
சும்மா பாக்க.
அந்தச் சும்மா அவருக்கு விளங்க
இரண்டு வருசம் எடுத்தது.
பம்ப் திருத்துகிற கடையைப் பூட்டி
"திங்கள் திறக்கும்" என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டார்.
ஏன் என்று கேட்ட ஆட்களுக்கு
பல்லுக் கொதி என்று சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை இதே மாங்குளத்தில்
ரயிலுக்கு நின்றோம், நாலரை மணித்தியாலம்.
புளியங்குளத்துக்கு இங்கால் யானை அடிபட்டிட்டுதாம்.
ரிக்கற் காசைத் திருப்பித் தந்தவரிடம்
யானைக்கு என்னமாதிரி என்று கேட்டேன்.
"அது எழும்பிப் போட்டுது அம்மா,
எஞ்சின்தான் நிக்குது."

பிறகு பஸ். ஓமந்தையில் டயர் வெடித்தது.
எல்லாரும் இறங்கி மரநிழலுக்குப் போக
இவர் மட்டும் சட்டைப்பைக்குள் கையை விட்டு
அடையாள அட்டையைத் தடவிப் பார்த்தார்.
ஒருவரும் கேட்கவில்லை.
ஒரு மாடுதான் நிமிர்ந்து பார்த்தது.

இரவு வவுனியா பஸ் நிலையத்து வாங்கில்.
சனி மத்தியானம் கொழும்பு.
தாமரைக் கோபுரத்தில் எங்கட முறை வர
மழை, மின்னல், லிப்ட் நிப்பாட்டு.
கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம்.
கழுத்து நோகும்வரை பார்த்துவிட்டு
"உந்த உயரத்துக்குத் தண்ணி ஏத்த
எத்தனை குதிரைவலு வேணும் தெரியுமோ" என்றார்.
வவுனியாவிலிருந்து கதைக்காமல் வந்த நான்
சிரிச்சிட்டன்.

மழை விட்டுக் காலிமுகத்திடல்.
விலையைக் கேட்டபிறகு
இறால் வடை ஒன்று, இரண்டாய்ப் பிய்த்து.
சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
எங்கட பக்கம் அது கடலிலிருந்தெல்லோ எழும்பும்.
"இஞ்ச எல்லாம் தலைகீழ் அப்பா" என்றேன்.
அவர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்து
தண்ணிக்குள் இறங்கினார்.

முள்ளியவளையிலிருந்து எங்கட கடல்
சைக்கிளில் அரை மணித்தியாலம்.
மீன் அங்கிருந்து படலைக்கு வரும்.
நாங்கள் போனதில்லை,
கலியாணம் கட்டின பதினாறு வருசத்தில்.
நான் ஏனென்று கேட்டதில்லை,
இரண்டு பேருக்கும் தெரிந்ததை
ஆர் ஆரிட்டைக் கேட்கிறது?

இந்தக் கடலுக்கு எங்களைத் தெரியாது.
அலை இடுப்பில் அடிக்க
தவசீலன் கூவினார், பள்ளிக்கூடம் விட்ட பெடியன்போல.
நான் செருப்புகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
எனக்கு அந்தச் சத்தம் புதிது.

ஞாயிறு முழுக்க மழை.
லொட்ஜ் ஜன்னலால் பார்த்ததும்
வெள்ளவத்தையில் குவளை வாங்கினதும்தான் மிச்சம்.

ஐந்தே கால் போய் ஐந்தரையும் ஆகிவிட்டது.
தேத்தண்ணிக் கடைக்காரன் தட்டியைத் தூக்குகிறான்.
இவர் எழும்ப, பைக்குள் ஒரு கிணுக்.
"என்னப்பா அது?"
"குவளை. ரெண்டு போயிருக்கும்."
"இருக்கிறது ரெண்டு பேர்,
நாலு காணும்தானே."

பஸ் வந்தது.
கண்டக்டர் கை நீட்ட
முள்ளியவளை என்று நான் வாய் திறக்கமுதல்
"முல்லைத்தீவு, ரெண்டு" என்றார்.
தலை நரைச்ச ஆள், குரல் கொஞ்சம் பிசகியது.
ரிக்கற்றை நாலாய் மடித்து
அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்தார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
உடைந்ததும் உடையாததுமாய்ப் பையை
மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.
றோட்டு ஒட்டுசுட்டான் வரைக்கும் குண்டும் குழியும்.