இரண்டு துடிப்புகளுக்கு நடுவே

மார்ச்சில் என் நெஞ்சுக்குள் ஒரு வால்வு பொருத்தினார்கள்.
டிக், டிக் என்கிறது.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

ஆகஸ்ட் கடைசி. தார்த்து நகரத்துக்கு
இருட்டு இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது,
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி, ஓசைப்படாமல்.
விறகுக் கொட்டகைக்கும் துணிக்கொடிக்கும் நடுவே
சாய்வு நாற்காலியை விரித்துப் படுக்கிறேன்.
கோட்டுக்கு மேல் கம்பளி.
பைனாகுலர், பத்துக்கு ஐம்பது,
பெய்ப்சி ஏரி மீன்காரர் அர்காதி விற்றது.
அதன் வாரில் இன்னும் புகைபோட்ட மீன் வாசம்.

முதலில் சுலபமானது.
பெரிய வண்டியின் ஏர்க்காலில், மாட்டின் பக்கத்தில்,
எங்கள் கதைகள் பூட்டி வைத்திருக்கும் ஓநாய்.
அதற்கு வெறும் கண்ணே போதும்.

பிறகு, ஏறக்குறைய உச்சியில், டிராகனின் தலை.
நாலு நட்சத்திரம். மங்கலானதுதான் இரட்டை
என்கிறது வரைபடம்.
முழங்கைகளை விலாவில் ஊன்றிக்கொள்கிறேன்.
துடிக்கிறது.
நட்சத்திரம் அல்ல, நான்.
ஒவ்வொரு டிக்குக்கும்
ஒரு வெள்ளை நூல் சுண்டி நெளிகிறது.

உர்வெ வீட்டுச் சமையலறையில் விளக்கு.
இந்நேரத்துக்கும் பாத்திரம் கழுவுகிறாள்.
கேட்டால் அணைப்பாள்.
கேட்டால் வெளியே வந்து
மாத்திரை போட்டாயா என்றும் கேட்பாள்.
கேட்கவில்லை.

மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி,
டிக்.
பொறுத்து,
டிக்.
அடுத்தது வருவதற்குள் ஒரு மெல்லிய இடம்,
அரை நொடிகூட இல்லை,
அங்கே எதுவும் அசைவதில்லை.
அங்கே இரண்டு.
ஒரே வெண்மை, ஒரே அளவு,
நடுவே ஊசி நுழையாத ஒரு கருப்பு.
டிக்.
ஒன்று.

ஜோடி, உறவு, பிரிவு என்றெல்லாம்
அவற்றின் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை.
எண்ணிக்கை போதும். ஒன்று. இரண்டு. ஒன்று.

அறுவை மேசையில் ஐம்பத்திரண்டு நிமிடம்
என் இதயத்தை நிறுத்தி வைத்திருந்தார்களாம்.
டாக்டர் சொன்னபோது பயந்தேன்.
இப்போது கணக்குப் போடுகிறேன்:
ஐம்பத்திரண்டு நிமிடம், ஒரு நடுக்கமும் இல்லாமல்!
டிராகனை முடித்து, லைராவை முடித்து,
அன்னத்தில் பாதி பார்த்திருக்கலாம்.
கையில் பைனாகுலர் இல்லை.
மேலே கூரை வேறு.

நோட்டில் எழுதுகிறேன்:
பத்து நாற்பது. பிரிந்தது. பதினொரு முறை.

உர்வெயின் விளக்கு தானாக அணைகிறது.
நல்ல கும்மிருட்டு.
நிமிர்ந்தால், மேகம்.