மேல்தாடை, ஸ்வான்சீ

இஞ்சிவிளை செக்போஸ்ட்டில்
கோழி லாரிக்குப் பின்னால் பஸ் நின்றபோது
என் டிபன் பாக்ஸைத் திறந்த போலீஸ்காரர்
அரை அடி பின்வாங்கினார்.
மஞ்சள் பிளாஸ்டரில் ஒரு மேல்தாடை,
அதில் நாலு வெள்ளி முளை.
"இது ஆருடெ?"
"ஸ்வான்சீக்காரர் ஒருத்தரோடது, சார்."
"அவிடெ பல்லு கிட்டில்லே?"
கிடைக்கும். ஒன்றரை வருஷம் வரிசையில் நிற்கவேண்டும்,
நின்றபின் ஒரு வீட்டுக்கான முன்பணம் கேட்பார்கள்.
அதையெல்லாம் மலையாளத்தில் சொல்ல வராமல்
"வெல ஜாஸ்தி" என்றேன்.
எல்லைக்கு இரண்டு பக்கமும் புரிகிற வாக்கியம் அது.

களியக்காவிளையில், மீன்கடை மாடியில், என் லேப்.
மிஸ்டர் ப்ரோபர்ட்டை அதுவரை பார்த்ததில்லை.
ஆனால் அவர் ஈறில் மேடு எங்கே, பள்ளம் எங்கே,
வலது கடைவாய்ப் பல் எவ்வளவு காலம் முன்பே
விடைபெற்றுப் போனது,
எலும்பு கரைந்திருக்கிற அளவு பார்த்துச் சொல்வேன்.

மார்ச்சில் வந்தார்.
நாலு டைட்டானியம் திருகை ஏற்றிக்கொண்டு
ஊர் திரும்பிவிட்டார்.
ஐந்து மாசம் ஓட்ஸ் கஞ்சி.
அன்னியமென்று தள்ளாமல்
திருகின் பக்கத்தில் எலும்பு வந்து உட்கார
அவ்வளவு நாள் போதுமாம்.
என் அக்காவை நெய்யாற்றின்கரையில் கட்டிக்கொடுத்துப்
பதினோரு வருஷம். அந்தத் தெருவில்
இன்னும் அவள் பாண்டிக்காரிதான்.

டாக்டர் பிரசோப் ஒரு பழைய போட்டோ அனுப்பினார்.
கல்யாண உடுப்பு, காற்றில் கலைந்த முடி,
முன்பல் ஒன்று அடுத்ததன்மேல்
லேசாகத் தோள் இடித்து நிற்கிறது.
"நேராவே வச்சிரு ஜெசிந்தா,
காசு கொடுத்து யாரு கோணப்பல் வாங்குவா?"
மெழுகில் இரண்டு தரம் நேராக வைத்தேன்.
சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது.
மூன்றாம் தரம் இடிக்க விட்டேன்.

செட் மாட்டுகிற அன்று, கடி உயரமாக இருக்கிறதென்று
என்னையும் கூப்பிட்டார்கள்.
பெரிய கைகள். வெயிலில் வெந்த கழுத்து.
செருப்பில் கோவளத்து மணல்.
இரண்டு இடம் தேய்த்துக் கொடுத்தேன். மேலே அழுத்தினார்.
டிக். டிக்.
டிபன் கேரியர் கொக்கி விழுகிற சத்தம்.
கழற்றலாம், கழுவலாம்,
ராத்திரி கிளாஸ் தண்ணீரில் தூங்க வைக்கலாம்,
தும்மினால் விழாது.

த என்று சொல்ல
நாக்குக்கு மேல்பல்லின் முதுகு வேண்டும்.
பல் இல்லாத வாயில் அந்த எழுத்து எங்கே போய் நிற்கும்?
நாலு வருஷமாய் மனைவியை எல்மா என்றுதான்
கூப்பிட்டிருக்கிறார்.
கண்ணாடியை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்:
"தெல்மா."
ஜன்னலருகே அந்த அம்மா
எதிர்க்கடையில் பலா அறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"தெல்மா."
வேறு யாரையோ என்று நினைத்திருப்பாள்.
அவர் கொஞ்சம் யோசித்தார்.
புதுப் பல்லை வைத்துக்கொண்டே, பழைய வாயால்,
"எல்மா" என்றார்.
திரும்பினாள்.

டாக்டர் கையுறையை மெதுவாகக் கழற்றினார்,
இன்னும் ஒரு கையுறை உள்ளே இருப்பதுபோல.

நைலான் வளையங்கள் வருஷத்துக்கு ஒருமுறை தேயும்.
அடுத்தவன் செய்த வேலையை
எங்கள் ஊரில் தொடமாட்டார்கள் என்று பயந்தார்.
நாலு நாலாய் ஆறு செட், மேலே அளவை எழுதி,
ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.
விரல்விட்டு எண்ணினார்.
எண்பத்திரண்டு வரைக்கும் வரும், போதும் என்றார்.
அவர் பில் கட்டப் போன சமயம்
இன்னும் இரண்டு செட் போட்டு மூடினேன்.

திரும்புகையில் அதே செக்போஸ்ட், அதே போலீஸ்காரர்.
டிபன் பாக்ஸைத் தட்டிப் பார்த்தார். காலி.
"எந்தா, பல்லு?"
குழித்துறை ஆஸ்பத்திரியில் இலவசமாய்ப் பிடுங்கிய
என் கீழ்வரிசை இடைவெளிக்குள்
நாக்கு போய்ப் படுத்தது.
"போச்சு, சார்" என்றேன்.